வடசென்னையில் இன்ஜின் மூச்சு விட்ட கதை

வண்டி வாங்கி ஆறு மாசம் ஆனதும் பல பேருக்கு ஒரு வியாதி வரும். முதலில் ஹாரன் மாறும். அப்புறம் அலாய் வீல். அதற்கப்புறம் பானெட்டைத் திறந்து அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவை முறைத்துப் பார்ப்பது ஆரம்பிக்கும். "இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு ஓப்பன் ஃபில்டர் மாட்டினா வண்டி பிச்சுக்கிட்டுப் போகுமாமே?"

அந்தக் கறுப்பு டப்பாதான் ஏர் ஃபில்டர் பாக்ஸ். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஆனால் எந்த பிராண்ட் வாங்கலாம், என்ன விலை என்று பட்டியல் போடப் போவதில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெரும் பகுதி ராயபுரத்துக்கு வடக்கே, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நடந்தது. அதைத் தெரிந்துகொண்டால் எதை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

இன்ஜினுக்குப் பெட்ரோல்தான் சாப்பாடு என்று நினைக்கிறோம். எடையில் பார்த்தால் அது சாப்பிடுவதில் பெரும் பங்கு காற்றுதான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. அப்படியானால் நம்ம ஊர் வெயிலில் ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல் காற்று தேவை.

இன்னொரு மாதிரி பார்ப்போம். பழைய மாருதி 800-இன் இன்ஜின் 796 சிசி. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு அதிகபட்சம் 1,200 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்கு இழுப்பது ஏழெட்டு லிட்டர். அதாவது ஒரு சின்ன காரும் அந்த நேரத்தில் சுமார் 150 பேர் இழுக்கிற காற்றை இழுக்கிறது.

இந்தக் காற்று உள்ளே போகும் பாதைக்குத்தான் ஏர் இன்டேக் என்று பெயர். இதில் இரண்டு ஆசைகள் எப்போதும் சண்டை போடும். ஒன்று, அதிகக் காற்று வேண்டும். இன்னொன்று, சுத்தமான காற்று வேண்டும். வலை நெருக்கமாக இருந்தால் தூசி நிற்கும், ஆனால் காற்றும் திணறும். வலை பெரிதாக இருந்தால் காற்று தாராளமாகப் போகும், கூடவே தூசியும் போகும். இந்த வரலாறு முழுக்க இந்தச் சண்டைதான்.

எண்ணூர், 1948: லாரிக்காரர்களின் பாடம்

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், 1948-இல், ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். எண்ணூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் அங்கே பூட்டியது லாரி அல்ல, இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்! பிறகு பிரிட்டனின் லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆகி, 1950களின் தொடக்கத்தில் காமெட் லாரிகள் வர ஆரம்பித்தன. 1955-இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. அன்றிலிருந்து எண்ணூர் என்றால் டீசல் இன்ஜின்.

டீசல் இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோல் இன்ஜினில் காற்றை அடைத்துத் திறக்க த்ராட்டில் என்ற கதவு இருக்கும். அந்தக் காலத்து டீசலில் அது கிடையாது. மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் சிலிண்டர் நிறைய காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் கார் சிக்னலில் நிற்கும்போது கொஞ்சமாக மூச்சு விடும். டீசல் லாரி அப்போதும் நெஞ்சு நிறைய இழுக்கும். செம்மண் சாலையில், கல்குவாரியில், சுரங்கத்தில் ஓட வேண்டிய வண்டி வேறு. தூசியைத் தடுக்காவிட்டால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் சீக்கிரமே தேய்ந்து, லாரி ஆயில் குடிக்க ஆரம்பித்துவிடும்.

அதற்கு அந்தத் தலைமுறை கண்ட வழி 'ஆயில் பாத்' ஃபில்டர். ரொம்ப எளிமையான யோசனை. ஒரு வட்ட டப்பா, அடியில் கொஞ்சம் ஆயில். காற்று மேலிருந்து கீழே இறங்கி, ஆயிலுக்கு மேலே சடாரென்று திரும்பி மறுபடி மேலே ஏற வேண்டும். காற்று திரும்பிவிடும். எடை கூடிய தூசியால் அவ்வளவு சீக்கிரம் திரும்ப முடியாது. நேரே போய் ஆயிலில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். தப்பிய தூசியை மேலே உள்ள கம்பி வலை பிடிக்கும். மெக்கானிக் டப்பாவைக் கழற்றி, அடியில் சேர்ந்த சேற்றைக் கொட்டிவிட்டு புது ஆயில் ஊற்றினால் ஃபில்டர் மறுபடி தயார். புது ஃபில்டர் வாங்கவே வேண்டாம். லாரி, டிராக்டர் மட்டுமல்ல, அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றிலும் இதுதான் இருந்தது.

இதில் ஒரு குறை உண்டு. காற்று வேகமாகப் போனால்தான் தூசி வழுக்கி ஆயிலில் விழும். மெதுவாக ஓடும்போது நுண்ணிய தூசி தப்பித்துவிடும். அதனால்தான் பிற்பாடு மடிப்பு மடிப்பான பேப்பர் ஃபில்டர் அதன் இடத்தைப் பிடித்தது. நல்ல பேப்பர் ஃபில்டர் 99 சதவீதத்துக்கும் மேல் தூசியைப் பிடிக்கும்.

லாரிக்காரர்கள் கற்ற இன்னொரு பாடம் இன்றைக்கும் கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் (மாட்டிக்கொள்வீர்கள், சந்தேகமே வேண்டாம்!) கேபினுக்குப் பின்பக்கம் பாருங்கள். ஒரு தடித்த குழாய் கூரை உயரத்துக்கு ஏறி நிற்கும். அதுதான் லாரியின் மூக்கு. ரோட்டுத் தூசி கீழே கிடக்கும், டயர் கிளப்புவதும் கீழேதான், வெள்ளமும் கீழேதான். மேலே ஓரளவு சுத்தமான, இன்ஜின் சூடு படாத காற்று. ஆகவே மூக்கை மேலே வை. இவ்வளவுதான் தத்துவம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

திருவொற்றியூர், 1955: ஜெட்டை மறக்காதே

எண்ணூரிலிருந்து தெற்கே வந்தால் திருவொற்றியூர். 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஒரு சின்ன கொட்டகை போட்ட ஊர். அதுதான் பிற்பாடு எம்ஆர்எஃப் ஆனது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கி, இதே ஊரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். ராணுவத்துக்கு எல்லையில் ஓட்ட வண்டி வேண்டும் என்பதுதான் ஆரம்பக் காரணம். மூலக் கம்பெனி இங்கிலாந்தில் மூடிய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது.

கார் கட்டுரையில் புல்லட் எதற்கு என்று கேட்கலாம். இன்டேக்கை மாற்றினால் கூடவே என்ன மாற வேண்டும் என்பதை நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன்கள் பலரும் கற்றுக்கொண்டது புல்லட்டில்தான்.

புல்லட்டில் இருந்தது கார்புரேட்டர். அது ஒரு முட்டாள் கருவி, ஆனால் அழகான கருவி. காற்று ஒரு குறுகலான இடத்தில் ஓடும்போது அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் பெட்ரோல் மேலே ஏறும். எவ்வளவு பெட்ரோல் ஏறலாம் என்பதை முடிவு செய்வது ஜெட் என்ற சின்னத் துளை. கம்பெனியில் அந்த ஜெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, ஃபில்டர் கொடுக்கும் தடையையும் கணக்கில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

இப்போது ஒருவர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு திறந்த வாயோடு ஓட்டுகிறார். தடை போய்விட்டது, காற்று கூடுகிறது. ஜெட் அதே துளைதான். கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்து போகிறது. இதைத்தான் 'லீன்' என்பார்கள். இன்ஜின் சூடாகும், கார்புரேட்டரில் பட் பட் என்று வெடிக்கும், நீண்ட தூரம் விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதனால் ஃபில்டரை மாற்றுகிறவர் மெயின் ஜெட்டையும் ஒன்றிரண்டு நம்பர் ஏற்ற வேண்டும். கொஞ்ச தூரம் விரட்டி, இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம், காபி நிறம் என்றால் சரி.

கார்களுக்கும் இதே விதிதான். கார்புரேட்டர் காலத்து பிரீமியர் பத்மினியோ, பழைய மாருதியோ, இன்டேக்கை மட்டும் மாற்றிவிட்டு ஜெட்டை மறந்தால் பாதி வேலைதான் செய்தோம் என்று அர்த்தம்.

சோழவரம்: திறந்த வாய்

இதுவரை பார்த்தது சுத்தக் காற்றின் கட்சி. எதிர்க்கட்சி இருந்த இடம் மேற்கே, செங்குன்றத்தைத் தாண்டி, சோழவரம்.

இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. போர் முடிந்ததும் விமானங்களுக்கு வேலையில்லை. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. அந்த ஓடுதளமே ரேஸ் டிராக் ஆனது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் தனி டிராக் திறக்கும்வரை இந்திய மோட்டார் பந்தயத்தின் முக்கிய மேடைகளில் ஒன்று சோழவரம்தான். ஊரிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போய் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அது லைசென்ஸ் ராஜ்ஜியக் காலம். கார் வாங்கவே பல வருஷம் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பாகம் இறக்குமதி செய்வது சாதாரண ஆளுக்கு நடக்காத காரியம். அதனால் நம்ம ஆட்கள் கிடைத்த இன்ஜினை வைத்து லேத் பட்டறையில் தாங்களே கடைந்து, வெல்டு அடித்து, பாலிஷ் போட்டு வேகம் ஏற்றினார்கள். கடையில் பெட்டியோடு கிடைக்கும் 'கிட்' என்ற பேச்சே இல்லை.

ரேஸ் கார் என்றால் ஃபில்டர் பாக்ஸ் முதலில் போய்விடும். அதன் இடத்தில் கார்புரேட்டர் வாயில் எக்காளம் மாதிரி விரிந்த குழாய்கள் வரும். இது வெறும் அழகுக்கு அல்ல. நேராக வெட்டிய குழாயின் விளிம்பில் காற்று முட்டிச் சுழலும். விளிம்பு வளைந்து விரிந்திருந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இன்னொரு ரகசியம் குழாயின் நீளம். இன்டேக் வால்வு மூடும்போது காற்றில் ஒரு அழுத்த அலை கிளம்பி குழாயின் வாய்வரை போய்த் திரும்பும். அது திரும்பி வரும் நேரத்தில் வால்வு மறுபடி திறந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் காற்றை உள்ளே தள்ளிவிடும். நீளக் குழாய் குறைந்த ஆர்பிஎம்முக்கு, குட்டைக் குழாய் அதிக ஆர்பிஎம்முக்கு. அமெரிக்காவில் 1960-இல் வந்த கிரைஸ்லர் 300எஃப் காரில் இதற்காகவே இன்ஜினுக்குக் குறுக்கே நீண்ட குழாய்களைப் போட்டிருந்தார்கள்.

அப்படியானால் ரேஸ்காரர்களுக்குத் தூசி பயம் இல்லையா? இருந்தது. ஆனால் அவர்கள் கணக்கு வேறு. காங்கிரீட் ஓடுதளம். ஓடுவதோ சில பத்து கிலோமீட்டர். ரேஸ் முடிந்ததும் இன்ஜினைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். ரிங் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அவர்களுக்கு இன்ஜின் ஒரு சீசன் வாழ்ந்தால் போதும். நமக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் வாழ வேண்டும். சோழவரத்தின் திறந்த வாய் சோழவரத்துக்குச் சரி. அதை அப்படியே மணலி ரோட்டுக்குக் கொண்டு வருவதில்தான் கோளாறு.

கலிபோர்னியாவிலிருந்து ஒரு சமாதானத் திட்டம்

இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு சமாதானம் அமெரிக்காவிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்த கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்டு என்ற இரண்டு பேர் 1969-இல் ஆரம்பித்த கம்பெனிதான் கே அண்ட் என். இருவர் பெயரின் முதல் எழுத்துகள். பாலைவனத்தில் பைக் ரேஸ் ஓட்டுபவர்களுக்குத் தூசியும் பிரச்சினை, காற்றும் பிரச்சினை. இவர்கள் பருத்தித் துணியை அடுக்கடுக்காக மடித்து, கம்பி வலைக்கு நடுவில் வைத்து, ஆயிலில் நனைத்தார்கள். துணியின் இடைவெளி பெரிது, காற்று தாராளமாகப் போகும். ஆயில் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அழுக்கானால் கழுவி, காயவைத்து, மறுபடி ஆயில் போட்டு மாட்டலாம். எண்ணூர் லாரியின் ஆயில் பாத் யோசனைக்கு இது ஒரு தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

1991-க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறக்கத் திறக்க இந்த மாதிரி சாமான்களும் வந்தன. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் ஒரிஜினலும் கிடைக்கும், அதே சிவப்பு நிறத்தில் டூப்ளிகேட்டும் கிடைக்கும்.

ஆனால் ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஆயில் போட்ட பருத்தி ஃபில்டர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் திறன் 96 முதல் 99 சதவீதம். பேப்பர் ஃபில்டர் 99-க்கும் மேல். மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். உள்ளே போகும் தூசியின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒன்றில் 100-க்கு 1 போகிறது, இன்னொன்றில் 4 போகலாம். அதாவது நான்கு மடங்கு! தூசி குறைந்த ஊரில் நான்கு மடங்கு என்றாலும் ஒன்றும் ஆகாது. நம்ம ஊரில்?

நம்ம ஊர்க் காற்று

இந்த வட்டாரத்தின் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970களில் முழுதாக வந்தது (2017-இல் மூடினார்கள்). வடசென்னை அனல் மின் நிலையம் 1990களில் வந்தது. அதற்கு நிலக்கரி இறக்கத்தான் 2001-இல் எண்ணூர் துறைமுகம் திறந்தது. அதன் இப்போதைய பெயர் காமராஜர் துறைமுகம். அதற்கு முன்பும் பின்பும் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் குவிந்துகொண்டிருந்தன. ராயபுரம் பக்கத்து மாடிகளில் துணி காயப்போட்டால் கறுப்பாகும், தரையைத் துடைத்தால் துணி கறுப்பாகும். வழக்கு நடந்து, 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே அவற்றைக் கையாளக்கூடாது என்று உத்தரவிட்டது. அக்டோபர் மாதம் அது நடைமுறைக்கு வந்தது. நிலக்கரி வடக்கே, எண்ணூருக்குப் போனது. ராயபுரத்தின் தூசி குறைந்தது, எண்ணூரின் சுமை கூடியது.

இப்போது இதை இன்ஜின் கண்ணால் பார்ப்போம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 10,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 670 லிட்டர் பெட்ரோல், அதற்கு 6,000 கன மீட்டருக்கும் மேல் காற்று. காற்றில் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தூசி என்று வைத்துக்கொள்வோம் (பிஎம் 10 துகளுக்கு ஒரு நாள் சராசரியாக இந்தியாவில் அனுமதித்த வரம்பு அதுதான்). மொத்தம் அரை கிராமுக்குச் சற்று மேல். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அது ஊர்ச் சராசரிக் காற்று. மண் ரோட்டு ஓரத்தில் லாரிக்கு நேர் பின்னால் இருக்கும் காற்று அதைவிடப் பல மடங்கு மோசம்.

அளவைவிட முக்கியம் தூசியின் குணம். நிலக்கரித் தூள் ஓரளவு மென்மையானது. சாம்பல் அப்படி இல்லை. அனல் மின் நிலையச் சாம்பலில் பெரும் பகுதி சிலிக்காவும் அலுமினாவும். உப்புத்தாள் செய்கிற சரக்கு அது! சிலிண்டர் சுவருக்கும் ரிங்குக்கும் நடுவில் உள்ள ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். அதற்குள் நுழையும் அளவுள்ள துகள்கள்தான் அதிகம் தேய்க்கும். ஃபில்டருக்கு ஃபில்டர் பெரிதும் வித்தியாசப்படுவதும் அந்தச் சின்னத் துகள்களைப் பிடிப்பதில்தான்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

2001 வாக்கில் சென்னையில் பாரத் ஸ்டேஜ் 2 விதி வந்தது. 2005-இல் ஸ்டேஜ் 3, 2010-இல் 4, 2020 ஏப்ரலில் நாடு முழுக்க 6. ஒவ்வொரு படியிலும் கார்புரேட்டர் பின்வாங்கி, எம்பிஎஃப்ஐ முன்னால் வந்தது. இப்போது ஜெட் இல்லை. எவ்வளவு காற்று வருகிறது என்று சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றும், சைலன்சர் பக்கம் உள்ள ஆக்சிஜன் சென்சார் சரி பார்க்கும்.

இதனால் சின்ன மாற்றத்தைக் கம்ப்யூட்டரே சமாளித்துக்கொள்ளும். ஆனால் புதுச் சிக்கல்களும் உண்டு. சில கார்களில் காற்றை அளப்பது சூடான மெல்லிய கம்பி. பருத்தி ஃபில்டரில் ஆயிலை அள்ளி ஊற்றினால் அது பறந்து போய் அந்தக் கம்பியில் படிந்து, அளவே தப்பாகிவிடும். குழாயின் விட்டம் மாறினாலும் இந்த சென்சாரின் கணக்கு மாறும்.

இன்னொன்று சூடு. பாக்ஸைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள்ளேயே ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டினால், அது இழுப்பது ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வெந்த காற்று. வெளியே 35 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கும் மேல் குறையும். ஃபில்டரில் சம்பாதித்ததைச் சூட்டில் தொலைத்தாச்சு! ஆனால் சத்தம் மட்டும் பிரமாதமாக வரும். கம்பெனி பாக்ஸில் இருக்கும் அறைகள் பல சத்தத்தைக் குறைக்கத்தான் இருக்கின்றன. அவை போனதும் உறுமல் கேட்கும். காது ஏமாந்து, வண்டி வேகமாகப் போவதாகச் சொல்லும்.

கம்பெனி பாக்ஸின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல கார்களில் கிரில்லுக்கோ ஹெட்லைட்டுக்கோ பக்கத்தில், வெளிக்காற்றைப் பார்த்தபடி இருக்கும். அதாவது 'கோல்டு ஏர் இன்டேக்' என்று கடையில் விற்பது ஏற்கெனவே உங்கள் வண்டியில் இருக்கிறது.

தண்ணீர்

வெளிக்காற்று வேண்டும் என்று குழாயைக் கீழே பம்பர் வரைக்கும் இறக்கும் கிட்டுகள் உண்டு. கலிபோர்னியாவில் நல்ல யோசனை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் ஆபத்தான யோசனை. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் போனாலும் மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைத்தான் ஹைட்ரோ லாக் என்கிறார்கள். இன்ஜினையே பிரிக்க வேண்டிய செலவு. சாதாரண இன்சூரன்ஸில் இதற்குப் பணம் வாங்குவது பெரும்பாலும் கஷ்டம், தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும். மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர்ப் பக்கம் வந்தது வெறும் தண்ணீர் கூட இல்லை, மணலியிலிருந்து வந்த எண்ணெய் கலந்த தண்ணீர்.

சரி, இப்போது என்னதான் செய்வது?

முதலில் அளந்து பாருங்கள். இதற்கு ரொம்ப மலிவான வழி இருக்கிறது. ஒரு மீட்டர் நீளப் பலகையில், தண்ணீர் லெவல் பார்க்கும் கண்ணாடி டியூபை 'ப' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்க்காமல், அடிப்பாகம் வளைந்து இருக்குமாறு கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் ஒரு சின்னத் துளையில் பொருத்துங்கள். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் பார்க்கட்டும். யாருமில்லாத ரோட்டில் ஒரு முறை முழு ஆக்சிலேட்டர். இரண்டு பக்கத்துத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் இன்டேக்கின் தடை.

பத்து மீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். 25 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அது 2.5 சதவீதம். அதாவது உலகத்திலேயே சிறந்த இன்டேக்கை மாட்டி தடையைப் பூஜ்யம் ஆக்கினாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் கிடைக்கும். 15 சதவீதம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்தத் தடையிலும் எவ்வளவு பழைய அழுக்கு ஃபில்டரால் வந்தது என்று புது பேப்பர் ஃபில்டர் போட்டு இன்னொரு முறை அளந்தால் தெரிந்துவிடும். பல பேருக்குத் தேவையான 'அப்கிரேடு' அந்த ஒரு பேப்பர் ஃபில்டர்தான்.

அப்படியும் செய்துதான் தீருவேன் என்றால், லாரியைப் பாருங்கள். மூடிய பாக்ஸ் இருக்கட்டும். அதன் வாயை உயரத்தில், இன்ஜின் சூட்டிலிருந்து விலக்கி, முன்பக்க வெளிக்காற்றுக்குக் கொண்டு போங்கள். வாயின் விளிம்பைச் சோழவரம் மாதிரி விரித்து வளையுங்கள். பாக்ஸுக்கு முன்னால் உள்ள குழாயைக் கொஞ்சம் பெரிதாக்கலாம், சென்சார் இருக்கும் பகுதியை மட்டும் தொடாதீர்கள். ஃபில்டருக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு இணைப்பையும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அங்கே ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் எவ்வளவு விலை கொடுத்த ஃபில்டரும் வீண், தூசி அந்த வழியாகப் போய்விடும். வேலை முடிந்து ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் குழாயின் உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி அழுக்கானால் எங்கோ கசிகிறது. வாரண்டி இருக்கும் வண்டியாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

ஃபில்டர் மாற்றும் இடைவெளி என்று புத்தகத்தில் ஒரு நம்பர் போட்டிருக்கும். பக்கத்திலேயே, தூசி அதிகமுள்ள இடத்தில் இன்னும் சீக்கிரம் மாற்றவும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்தச் சின்ன எழுத்து நமக்காகத்தான் எழுதியது.

கடைசியாக ஒரு விஷயம். திருவொற்றியூரில் உங்கள் காரின் பழைய ஃபில்டரைக் கழற்றும்போது உடனே குப்பையில் போடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். புதிதாக வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்த பேப்பர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். அந்தக் கார் ஓடிய அதே தெருவில்தான் நாமும் நடந்தோம், நம் தம்பி தங்கைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். இன்ஜினுக்குத் தூசி ஆகாது என்று எண்ணூரில் 75 வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது, அதற்கு ஃபில்டரும் மாட்டினார்கள். ராயபுரத்து மக்கள் தங்களுக்கு அதைக் கேட்டு வாங்க 2011 வரை ஆனது. எண்ணூர்க்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.